தேர் பிறந்த நாள்

சென்ற ஆண்டு மார்கழி மாதத்தில் என் நண்பர் ஒருவர், காலஞ்சென்ற தம் தகப்பனார் விட்டுச் சென்ற ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளிவரச் செய்து, அதன்மேல் பல வருஷங்களாகப் படிந்திருந்த புழுதியைத் துடைத்துவிட்டு, “இந்த வண்டி எந்த வருஷத்தில் பிறந்தது என்பதை நீங்கள்தாம் ஆராய்ந்து சொல்ல வேண்டும்” என்று என்னைக் கேட்டுக்கொண்டார். ‘தயாரானது’ என்று சொல்லாமல் ‘பிறந்தது’ என்று அவர் சொன்னதில் ஒரு வாஞ்சை இருந்தது. அந்த வாஞ்சைக்குள் ஒரு பெரிய வினாவும் ஒளிந்திருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தேன். உயிரற்ற பொருளுக்குப் பிறப்பு என்று ஒன்று உண்டா, உண்டெனில் அது எந்தக் கணத்தில் நிகழ்கிறது, அக்கணத்தை எந்தப் பிரமாணத்தால் அறிகிறோம் என்னும் மூன்று கேள்விகளும் நம் தரிசன சாஸ்திரங்கள் நூற்றாண்டுக் கணக்கில் விசாரித்து வந்தவை. பழைய மோட்டார் வண்டி ஒன்றின் முன்னால் நின்றபோது அவை ஏட்டிலிருந்து இறங்கி என் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றன.

முதலில் ஐதிஹ்யத்திலிருந்து தொடங்கினோம். பரம்பரையாகச் சொல்லிவரும் வார்த்தைக்கு ஐதிஹ்யம் என்று பெயர். தார்க்கிகர் பலர் அதனைத் தனிப் பிரமாணமாக ஏற்பதில்லையாயினும், குடும்பங்களில் அதற்குள்ள செல்வாக்கு வேறெதற்கும் இல்லை. “என் கல்யாணத்து வருஷம்தான் அண்ணா கார் எடுத்தார்” என்று நண்பரின் அத்தை உறுதியாகச் சொன்னார். கல்யாணம் 1961-ஆம் ஆண்டில் நடந்தது என்பதற்கு மஞ்சள் தடவிய அழைப்பிதழே சாட்சியாக இருந்தது. ஆனால் ஓரங்கள் நைந்து, துணி ஒட்டிய ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தபோது, அதில் வண்டி முதன்முதலாகப் பதிவான காலம் 1963-ஆம் ஆண்டு மே மாதம் என்று நீல மசியில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அத்தையின் நினைவு ஒரு பக்கமும் சர்க்காரின் எழுத்து ஒரு பக்கமுமாக, இரண்டு ஆண்டு இடைவெளியில் எதிரெதிரே நின்றன.

பின்னர்ப் பிரத்யக்ஷத்தை நாடினோம். ஹெரால்ட் வண்டியின் முன்மூடி, இரு பக்கத்து மட்கார்டுகளோடும் சேர்ந்து ஒரே துண்டாக முன்புறம் கவிழ்ந்து திறக்கக் கூடியது. அதைத் தூக்கியதும் என்ஜினும் முன்சக்கரங்களும், மார்பைத் திறந்து காட்டியதுபோல் முழுவதும் வெளிப்பட்டுவிடும். உள்ளே ஒரு சிறிய உலோகத் தகட்டின்மேல் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். மெக்கானிக் ஒரு துணியை மண்ணெண்ணெயில் தோய்த்துப் பொறுமையாகத் தேய்க்கத் தேய்க்க, மேலிருந்த வெண்ணிறம் கரைந்து, அதன்கீழ் ஒரு நீலம் தோன்றி, நீலமும் அகன்ற பின்னர் எண்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. அவ்வெண்களும் ஆர்.சி. புத்தகத்தில் கண்ட சேஸிஸ் எண்ணும் ஒன்றாகவே இருந்தன. அதைக் கண்டு நண்பர் கண் கலங்கினார். எனினும் அத்தகட்டில் எண் இருந்ததேயன்றித் தேதி இல்லை. பிரத்யக்ஷம் ‘இது அதுவே’ என்று சொல்லிற்று. ‘எப்போது’ என்பதற்கு வாய் திறக்கவில்லை.

அடுத்து அநுமானம். மின்சாரம் உண்டாக்கும் டைனமோவின்மேல் லூகாஸ்-டிவிஎஸ் என்னும் பெயர் பொறித்திருந்தது. சென்னையை அடுத்த பாடியில் அந்நிறுவனம் தோன்றியது 1961-ஆம் ஆண்டில். ஆதலால் அந்த டைனமோ அதற்கு முன் பிறந்திருக்க வழியில்லை. ஆனால் டைனமோவின் வயதைக் கொண்டு வண்டியின் வயதை நிச்சயித்தால், அந்த ஹேது வியபிசாரம் என்னும் தோஷத்துக்கு ஆளாகும். ஏனெனில் அது பின்னொரு காலத்தில் மாற்றிப் பொருத்திய உறுப்பாகவும் இருக்கலாம். பழைய வண்டிகளை ஆராய்பவர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கையாளும் முறையும் இதுவே. வார்ப்பு இரும்பில் பதிந்த எண், கண்ணாடியில் உள்ள குறி, மின்கருவிகளில் முத்திரையிட்ட மாதமும் வருஷமும் ஆகிய இவற்றையெல்லாம் திரட்டி, எவையெவை ஆலையிலேயே பொருத்தப்பட்டவை என்று முதலில் தேர்ந்து, அவற்றுள் மிகப் பிந்திய தேதி எதுவோ அதற்கு முன் வண்டி முழுமை பெற்றிருக்க முடியாது என்று நிலைநாட்டுகிறார்கள். இம்முறை கீழெல்லையைக் காட்டும். பதிவுத் தேதி மேலெல்லையைக் காட்டும். பிறந்த நாள் இவ்விரு கரைகளுக்கும் நடுவே எங்கோ ஓடிக்கொண்டிருக்கும்.

எஞ்சியது சப்தப் பிரமாணம், அதாவது ஆப்தர் வாக்கு. வண்டிகளின் விஷயத்தில் ஆப்தர் எனத் தக்கவை ஆலையின் பேரேடுகளே. இங்கிலாந்தில் கேடன் என்னும் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், மறைந்துபோன பல கம்பெனிகளின் உற்பத்திப் பேரேடுகளைப் பாதுகாத்து வைத்து, சேஸிஸ் எண்ணைச் சொல்லிக் கேட்பவர்களுக்கு அந்த வண்டி கட்டப்பட்ட நாள், அதன் என்ஜின் எண், முதலில் பூசிய நிறம், அனுப்பப்பட்ட வியாபாரி ஆகிய விவரங்களை எடுத்தெழுதிச் சான்றிதழ் தருகிறது. எவனோ ஒரு குமாஸ்தா, தன் எழுத்தை அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் தேடி வருவார் என்று கனவிலும் கருதாமல், அன்றைய வேலையை அன்றே முடிக்க வேண்டும் என்னும் கடமை உணர்ச்சியோடு எழுதி வைத்த ஒரு வரி, இன்று வேதவாக்காக மதிக்கப்படுகிறது. தன்னலம் கலவாத எழுத்துக்கே பிரமாணமாகும் தகுதி உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வண்டியோ வண்டலூரில் உருவானது; அதன் பேரேடு எங்கள் கைக்கு எட்டவில்லை.

பேரேடு கிடைத்திருந்தால்தான் வினா தீர்ந்திருக்குமா என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். ஹெரால்ட் 1959-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் டிரையம்ப் என்னும் பெயரோடு வெளிவந்தது. அக்காலத்துக் கார்கள் பலவற்றின் உடல் ஒரே கூடாக வார்த்தாற்போல் அமைந்திருக்க, இதன் உடல் மட்டும் தனித்தனிப் பாகங்களாகச் செய்யப்பட்டுத் தனிச் சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டது. பாகங்களைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றித் தூரதேசங்களில் சேர்த்துக்கொள்வதற்கு இவ்வமைப்பு மிகவும் அநுகூலமாயிற்று. அவ்வகையில்தான் 1961 முதல் சென்னைக்குத் தெற்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் உருவாகத் தொடங்கி, நாளடைவில் நம் நாட்டிலேயே செய்த உறுப்புகள் அதில் பெருகின. அப்படியானால் இவ்வண்டி பிறந்தது எப்போது? சட்டத்தில் எண் குத்திய வேளையிலா, உடலைச் சட்டத்தோடு சேர்த்த வேளையிலா, என்ஜின் முதன்முதலாக மூச்சு விட்டபோதா, ஆலையின் வாயிலைக் கடந்தபோதா, அல்லது ஒருவன் அதைத் ‘தன்னுடையது’ என்று சொல்லி ஓட்டிச் சென்றபோதா? குமாஸ்தா எந்த வேளையைக் குறிக்கப் பழகியிருந்தாரோ அதுவே பேரேட்டின் தேதியாக இருந்திருக்கும்.

மனிதப் பிறப்பிலும் இச்சிக்கல் உண்டு என்பதை நம் ஜோதிடர்கள் அறிவார்கள். கரு உண்டான வேளையாகிய ஆதானம், சிசுவின் தலை வெளிப்படும் சிரோதயம், உடல் பூமியைத் தீண்டும் பூபதனம் என்று அவர்கள் வேறுபடுத்திப் பேசுவதும், இவற்றுள் எதைக் கொண்டு லக்னம் கணிப்பது என்று விவாதிப்பதும் உண்டு. சட்டம் இயற்றுபவர்களோ விவாதத்துக்கு அவகாசமின்றி ஒரு கோட்டைக் கிழித்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் கட்டி 40 ஆண்டு நிறைந்த வாகனத்துக்கு வரிவிலக்கு உண்டு; எப்போது கட்டப்பட்டது என்று தெரியாவிட்டாலும், வரம்பான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் ஜனவரி 8-ஆம் தேதிக்கு முன் பதிவாகியிருந்தால் போதும் என்று அவர்கள் விதி செய்திருக்கிறார்கள். புத்தாண்டின் முதல் வாரத்தில் பதிவான வண்டி பழைய ஆண்டிலேயே உருவாகியிருக்கும் என்பது அவ்விதியின் உட்கிடை. நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டில் வந்த விதியோ, முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியையே பழம்பெரும் வாகனமாக அங்கீகரிக்கிறது. கட்டிய நாளை அது கேட்பதே இல்லை. பிறப்பு எது என்று தீர்மானிக்க இயலாத இடத்தில், ஊரார் அறிந்த நாளைப் பிறப்பாகக் கொள்வது என்பதே இவ்விரு விதிகளுக்கும் பொதுவான விவேகம்.

நம் தத்துவ ஆசிரியர்கள் இக்கோட்டை அவ்வளவு எளிதில் கிழிக்க ஒருப்படவில்லை. குடம் மண்ணில் முன்னமே சூக்ஷ்மமாக இருந்தது, குயவன் அதை வெளிப்படுத்தினான் என்பது சாங்கியரின் சத்காரியவாதம். சைவ சித்தாந்திகளுக்கும் இதுவே உடன்பாடு. அம்மதப்படி, கவென்ட்ரியின் உருக்குத் தகட்டிலேயே ஹெரால்ட் உறங்கிக்கொண்டிருந்தது என்றே சொல்ல வேண்டும். அவயவங்கள் சேரும்போது முன்பு இல்லாத அவயவி புதிதாகத் தோன்றுகிறது என்பர் நியாய வைசேஷிகர். அவர்கள் கூற்றில் பிறந்த நாளுக்கு இடமுண்டு. ஆனால் அவர்களே, ஆடையிலிருந்து ஒரு நூலை உருவினாலும் பழைய ஆடை அழிந்து வேறோர் ஆடை உண்டாகிறது என்றும் துணிந்து சொல்வதால், டைனமோவை மாற்றிய நாளையும் ஒரு பிறந்த நாளாகக் கொண்டாட வேண்டியதாகிறது. பௌத்தரோ தேரையே எடுத்துக்கொண்டு பேசினார்கள். தேரேறி வந்த யவன அரசனாகிய மிலிந்தனிடம் நாகசேனர், ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவையனைத்தின் சேர்க்கையைப் பற்றி எழுந்த ஒரு வழக்குப் பெயரே தேர் என்பதை அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் செய்தார். கௌடபாதரோ எல்லாவற்றுக்கும் மேலே சென்று, பரமார்த்தத்தில் எதுவும் பிறக்கவே இல்லை என்று அஜாதிவாதம் சொன்னார்.

இவ்விசாரம் நீதிமன்றத்துக்கு வந்த அதிசயமும் ஒருமுறை நிகழ்ந்தது. ஃபிரான்ஸ் தேசத்து லெ மான் நகரில் நடக்கும் 24 மணிநேரப் பந்தயத்தில் 1929-ஆம் ஆண்டிலும் 1930-ஆம் ஆண்டிலும் தொடர்ந்து வென்றது ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று புகழ்பெற்ற பென்ட்லி வண்டி. 1932-இல் புரூக்லாண்ட்ஸ் பந்தய வட்டத்தில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். அதன் பின்னர் வேறு உருவில் மீண்டும் கட்டப்பட்ட அவ்வண்டியை, 1990-ஆம் ஆண்டில் ஒருவர் 1 கோடி பவுனுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். வாங்க ஒப்பியவர்களோ, இது அந்த வண்டியே அன்று என்று சொல்லிப் பின்வாங்கினார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆட்டன், நாகசேனரைப்போலவே உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்த்தார். 1929-இல் வென்ற வண்டியின் பாகமாக ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. 1930-ஆம் ஆண்டு வண்டியில் எஞ்சியவை பெடல் தண்டு, கியர்பெட்டியின் கூடு, ஸ்டீரிங் தண்டு ஆகியவையே என்று கண்டார். கண்ட பின்னரும், உறுப்புகள் ஒரே நாளில் மாறிவிடவில்லை, வண்டி இடையில் எங்கும் இல்லாமற்போகவில்லை, அப்பெயருக்கு உரிமை கொண்டாட உலகில் வேறொரு வண்டியும் இல்லை என்னும் காரணங்களால், அப்பெயருக்கு உரியது அதுவே என்று தீர்ப்பளித்தார். விற்பனைக்கு வந்தது உலோகம் மாத்திரமன்று, அதன் சரித்திரமும் கீர்த்தியுமே என்பது அவர் கருத்து. இரவு முழுவதும் எரிந்த விளக்கின் முதற்சாமச் சுடரும் கடைச்சாமச் சுடரும் ஒன்றா, வேறா என்று மிலிந்தனைக் கேட்டு, ஒன்றுமன்று வேறுமன்று, அறாத சந்தானம் என்று நாகசேனர் காட்டிய வழிக்கு இத்தீர்ப்பு வெகு அருகில் நிற்கிறது.

தமிழ்நாட்டாருக்கு இத்தீர்ப்பு புதுமையாகத் தோன்றக் காரணமில்லை. தேவார மூவர் பாடிய கோயில்கள் பல அவர்கள் காலத்தில் செங்கல்லாக இருந்தவை. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் போன்றோர் அவற்றுட் பலவற்றைக் கற்றளிகளாக எடுப்பித்தார்கள். செங்கல் ஒன்றுகூட மிஞ்சாத அக்கோயில்களைப் பாடல் பெற்ற தலங்கள் என்றே நாம் தொழுது வருகிறோம். ஜீர்ணோத்தாரணம் தொடங்குமுன் மூர்த்தியின் சாந்நித்யத்தைக் கலசத்தில் ஆவாகனம் செய்து பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, திருப்பணி முடிந்ததும் கும்பாபிஷேகத்தால் மீண்டும் கருவறையில் சேர்க்கும் ஆகம விதி, கல் மாறினாலும் கோயில் மாறவில்லை என்னும் உறுதியை ஒரு நாளும் அறுபடாமல் காத்துத் தருகிறது. இவற்றோடு கூட நம் முன்னோர் செய்த மற்றொரு காரியத்தை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. திருமழபாடிக் கோயிலைப் புதுப்பிக்க முதலாம் ராஜராஜன் ஆணையிட்டபோது, பழைய சுவர்களில் இருந்த கல்வெட்டுகளை முன்னதாகப் படியெடுத்து வைக்கச் செய்தான். ராஜேந்திரன் காலத்தில் அவை புதிய சுவர்களில் மீண்டும் வெட்டப்பட்டன. புதிய கல்லைப் பழைய கல் என்று அவர்கள் சாதிக்கவில்லை. பழைய எழுத்தின் படி இது என்று சொல்லியே பொறித்தார்கள். தொடர்ச்சியையும் போற்றி உண்மையையும் காத்த செயல் அது.

நான் சொல்ல விரும்புவது இதனைத்தான். பழைய வண்டிக்கு ஆண்டு கூடக் கூட மதிப்பும் விலையும் கூடும் என்பதால், சேஸிஸ் எண்ணை அராவிவிட்டு வேறு எண் குத்துவோரும், உடைந்துபோன ஒரு வண்டியின் தகட்டைக் கழற்றி மற்றொன்றில் பதிப்போரும் உலகெங்கும் இருக்கிறார்கள். லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஆண்டுதோறும் நடக்கும் யாத்திரையில் 1905 ஜனவரி 1-க்கு முன் கட்டிய வண்டிகளுக்கே இடம் என்பதனால், ஒரு மாத வித்தியாசமும் அங்கே பெரிதாகிவிடுகிறது. இப்படிக் காலத்தைத் திரிப்பவர்களுக்குத் தத்துவம் ஒரு சாக்காகவும் பயன்படக் கூடும். பொருளுக்கு நிலையான பிறப்பே இல்லை என்று ஞானிகள் சொல்லியிருக்க, இரண்டு வருஷத்தை முன்னே தள்ளினால் என்ன பாவம் என்று ஒருவர் கேட்கலாம். கேட்பவர் இரண்டு தளங்களைக் கலந்துவிடுகிறார். பரமார்த்தத்தில் பிறப்பில்லை என்பது, விவகாரத்தில் பொய் சொல்வதற்குத் தந்த அநுமதிச் சீட்டு ஆகாது. பிரம்மஞானம் உதிக்கும்வரை லௌகிகப் பிரமாணங்கள் அனைத்தும் செல்லுபடியாகும் என்று நிறுவியவர், உலகை மாயை என்ற சங்கராசாரியரே. தேர் என்பது பெயரே என்று காட்டிய நாகசேனரும், தேரேறி வந்த அரசனை நடந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ள விடவில்லை. பிறப்பின் கணம் மங்கலாக இருப்பதால் நம் பொறுப்பு குறைவதில்லை. எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துச் சொல்லும் கடமை அங்கேதான் அதிகமாகிறது.

தேதியில் செய்யும் பொய் தேதியோடு நிற்பதுமில்லை. சில நாள் கழித்து, நண்பரின் தகப்பனாருடைய தகரப்பெட்டியில் ஒரு ரசீது கிடைத்தது. காருக்கு முன்பணம் கட்டிய ரசீது அது. அதில் கண்ட வருஷம் 1961. அக்காலத்தில் நம் நாட்டில் கார் வாங்க விரும்பியவர்கள் பணத்தைக் கட்டிவிட்டு முறை வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. “அண்ணா கார் எடுத்தார்” என்று அத்தை சொன்னதும் மெய்யே, ஆர்.சி. புத்தகம் சொன்னதும் மெய்யே. ஒன்று சங்கல்பத்தின் நாள், மற்றொன்று அது கைகூடிய நாள். நடுவில் இருந்த இரண்டு ஆண்டுகள், சாதாரணச் சம்பளக்காரர் ஒருவர் ஒவ்வொரு தபாலையும் ஆவலோடு பிரித்துப் பார்த்த ஆண்டுகள். பெருமைக்காக வண்டியை 1961-ஆம் ஆண்டு வண்டி என்று எழுதியிருந்தால், உலகத்தார் கண்ணில் வண்டியின் வயது இரண்டு கூடியிருக்கும். அவருடைய காத்திருப்பு சுவடின்றி அழிந்திருக்கும். வண்டலூரில் போல்ட் முடுக்கிய கைகளும், நீல மசியில் எழுதிய கையும் அதனோடு சேர்ந்து பொய்யாகியிருக்கும். ஒரு பொருளின் காலத்தை மெய்யாகச் சொல்வது, அதைச் செய்தவர்களுக்கும் அதை விரும்பியவர்களுக்கும் நாம் செலுத்தும் பிதிர்க்கடன் என்றே நான் கருதுகிறேன்.

ஆகையால், வீட்டில் பழைய வண்டியோ, பழைய வீணையோ, பழைய ஏடோ வைத்திருப்பவர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள், மாற்றிய உறுப்பை மாற்றியது என்றே எழுதி வையுங்கள், பெரியவர்கள் சொல்வதைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள், ஊகத்தை ஊகமென்றே சொல்லுங்கள்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் நண்பர் வண்டியை முதன்முறையாகக் கோயில்வரை ஓட்டி வந்தார். முன்கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு சிறு அட்டை இருந்தது. முன்பணம் கட்டியது 1961. முதற்பதிவு 1963 மே. டைனமோ நாட்டுத் தயாரிப்பு, பொருத்திய காலம் அறியோம் என்று மூன்று வரிகள் அதில் எழுதியிருந்தார். பிறந்த நாள் என்று எதையும் அவர் எழுதவில்லை.